அந்த பார்ட் எங்கே போச்சு? கேட் (CAD) மாடலில் பார்ட்களை அடுக்குவது, தேடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் ஃபிக்ஸ்சர், அதாவது வெல்டு அடிக்கும்போது பாகங்களை இடம் மாறாமல் பிடித்து நிறுத்தும் அமைப்பு, டிசைன் செய்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் முதல் மாதத்தில் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் மாடல் வரைவது பற்றி இருக்காது. வரைந்ததைத் தேடுவது பற்றித்தான் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எங்கள் ஆபீசில் சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருள் (கம்ப்யூட்டரில் டிசைன் வரைவது) ஓடுவதால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும், மற்ற மென்பொருள்களில் முக்கியமாக மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ட்ரீ, ட்ரீ என்கிறீர்களே, அது வெறும் பட்டியல்தானே?

ஸ்கிரீனின் ஓரத்தில் இருக்கும் ட்ரீ பட்டியல் மாதிரி தெரியும், ஆனால் அதற்குள் வரிசையும் உறவும் இருக்கிறது. ஒரு தனி பார்ட்டைத் திறந்தால் அதன் ட்ரீ நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்பதன் வரலாறு: முதலில் ஸ்கெட்ச் (தட்டையான கோட்டுப் படம்), பிறகு எக்ஸ்ட்ரூட் (அதை இழுத்துத் தடிமன் கொடுப்பது), பிறகு ஓட்டை, பிறகு ஃபில்லெட் (விளிம்பை உருட்டுவது). இந்தப் படிகளைத்தான் ஃபீச்சர் என்கிறோம். மேலே இருப்பதை நம்பித்தான் கீழே இருப்பது நிற்கிறது. ஒரு பிளேட்டின் விளிம்பிலிருந்து அளவு கொடுத்து ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் அந்த விளிம்பையே நீக்கினால் ஓட்டை அந்தரத்தில் தொங்கும், ட்ரீயில் எச்சரிக்கைக் குறி வரும். பார்ட்களைச் சேர்த்துப் பூட்டிய அசெம்பிளியின் ட்ரீ வேறு மாதிரி. அது எது எதற்குள் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கிறது, டிராயிங்கில் வரும் மெட்டீரியல் பட்டியலும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

கேட்டியாவில் ஸ்பெசிஃபிகேஷன் ட்ரீ, க்ரியோவில் மாடல் ட்ரீ, ஃப்யூஷனில் பிரவுசர், சாலிட் எட்ஜில் பாத்ஃபைண்டர் என்று பெயர்தான் ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஒழுங்காக அடுக்கப் பழகிவிட்டால் மற்றதற்கு மாறும்போது கை தானாக வந்துவிடும்.

நூற்றுக்கணக்கான பார்ட் இருக்கிறது. சப்-அசெம்பிளியாக எப்படிப் பிரிப்பது?

இதற்கு எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஃபிட்டர் அண்ணன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஃபிக்ஸ்சருக்கு எல்லா பார்ட்டையும் ஒரே அசெம்பிளியில் வரிசையாகக் கொட்டி, மேட் (எது எதோடு ஒட்டி நிற்க வேண்டும் என்ற கட்டு) போட்டு, டிராயிங் எடுத்துக் கீழே அனுப்பிவிட்டேன். ஸ்கிரீனில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மதியம் அவர் அந்த ஏ3 தாளை எடுத்துக்கொண்டு மேலே வந்தார், ஓரமெல்லாம் எண்ணெய்க் கை ரேகை. "தம்பி, ஒம்போது யூனிட் இருக்கு, எல்லாம் ஒரே குவியலா கெடக்கு. எந்த பின்னு எந்த எல் பிளாக்குக்குன்னு நான் எப்படிப் பாக்கறது?" என்றார். கூடவே கீழே போனேன். அவர் தரையில் சாக்பீஸால் ஒன்பது வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு எல் பிளாக் (எல் வடிவத் தாங்கி), அதற்கான லொக்கேட்டிங் பின் (பாகத்தை இடத்தில் நிறுத்துவது), ஷிம் (மெல்லிய தகடு), கிளாம்ப் ஆர்ம், சிலிண்டர், ஆலன் போல்ட் என்று அடுக்க ஆரம்பித்திருந்தார். எனக்குப் பாதி வட்டத்துக்குப் பதில் தெரியும், மீதிக்கு மாடலைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் உட்கார்ந்து அந்த ஒன்பது வட்டத்தையும் ஒன்பது சப்-அசெம்பிளியாக மாற்றினேன்.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இதுதான்: மேஜையில் வைத்துப் பூட்டி, ஒன்றாகத் தூக்கி வைக்கக்கூடியது எதுவோ அது ஒரு சப்-அசெம்பிளி. எஃகு பார்ட் எல்லாம் ஓரிடம், அலுமினியம் எல்லாம் ஓரிடம், வாங்கும் சாமான் எல்லாம் ஓரிடம் என்று பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டோர்ஸுக்கு அது வசதிதான், ஆனால் அந்தப் பிரிவினை மெட்டீரியல் பட்டியலை வடிகட்டினாலே கிடைத்துவிடும், அதற்காக ட்ரீயை உடைக்க வேண்டாம்.

போல்ட் விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பின்னைத் தாங்கும் ரிடெய்னரை எல் பிளாக்கில் பிடிக்கும் போல்ட் யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் எல் பிளாக்கையே பேஸ் பிளேட்டில் பிடிக்கும் போல்ட் யூனிட்டுக்குள் வரக்கூடாது, அது மேல்மட்ட அசெம்பிளியில் இருக்க வேண்டும், ஏனென்றால் யூனிட்டைக் கொண்டுவந்து பேஸ் மேல் வைத்த பிறகுதான் அதை முறுக்குகிறார்கள். இடம் பிசகாமல் நிறுத்தும் டவல் பின்னும் அப்படியே. எந்த நிலையில் முறுக்குகிறார்களோ அந்த நிலையில் போல்ட் இருந்தால் ஃபிட்டருக்கு எண்ணிக்கை சரியாக வரும்.

ஏற்கனவே கொட்டி வைத்துவிட்டீர்களா? சேர வேண்டிய பார்ட்களை கண்ட்ரோல் பிடித்துக்கொண்டு தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து 'ஃபார்ம் நியூ சப்-அசெம்பிளி' கொடுங்கள். தவறாகிவிட்டால் 'டிஸால்வ் சப்-அசெம்பிளி' இருக்கிறது. செய்வதற்கு முன் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், சில மேட்கள் இடம் மாறும்.

எத்தனை மட்டம் ஆழம் போகலாம் என்றால், எங்கள் வேலைக்கு மூன்றுக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

ஃபோல்டர் போட்டால் போதாதா?

கண்ணுக்குச் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். ஃபோல்டருக்குள் போட்டதால் பார்ட்கள் ஒன்றாக நகராது, பட்டியலிலும் தனி யூனிட்டாக வராது. சேஃப்டி கவர், கேபிள் ட்ரே மாதிரி வேலை செய்யும்போது கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்க விரும்பும் சாமான்களுக்கு ஃபோல்டர் அருமை. பார்ட்டுக்குள் ஃபீச்சர்களைக் கட்டி வைக்கவும் நல்லது, 'டவல் ஓட்டைகள்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்கு நிம்மதி.

பெயர் எப்படி வைப்பது?

முதலில் எப்படி வைக்கக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பார்ட்1, பார்ட்2, 'காப்பி ஆஃப் பார்ட்23', 'பிளேட் ஃபைனல்', 'பிளேட் ஃபைனல் புதுசு'. இதில் எது கட்டிங்குக்குப் போனது என்று வைத்தவருக்கே அடுத்த வாரம் தெரியாது.

நாங்கள் வைப்பது ப்ராஜெக்ட் எண், யூனிட் எண், பார்ட் எண், பிறகு ஒரு சின்ன விளக்கம்: 0412-20-003 எல் பிளாக். யூனிட் எண்ணைப் பத்துப் பத்தாக ஏற்றுகிறோம், 10, 20, 30. கஸ்டமர் பாதி வழியில் "இங்க ஒரு கிளாம்ப் சேருங்க" என்று கண்டிப்பாகச் சொல்வார், அப்போது 25 என்று நடுவில் நுழைக்க இடம் இருக்கும். பார்ட் எண்ணில் 3 என்று எழுதாமல் 003 என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் ஃபோல்டரில் 2-க்கு அடுத்து 10 சரியாக வரும், ஆனால் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் மென்பொருளில் 10 போய் 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

கார் பாடி வேலை என்றால் இடது வலது இரண்டும் வரும். எந்தப் பக்கம் என்பதைப் பெயரிலேயே போடுங்கள், ஸ்கிரீனில் மிரர் பார்ட் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்து ஏமாற்றும்.

ஃபீச்சருக்கும் பெயர் வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அளவு மாற வாய்ப்புள்ள ஃபீச்சர்களுக்கு மட்டும் வையுங்கள், எஃப்2 அழுத்தினால் போதும். 'கட்-எக்ஸ்ட்ரூட் 17' என்பதைவிட 'சிலிண்டர் ராட் கிளியரன்ஸ்' என்று இருந்தால் கை நேராக அங்கே போகும்.

தமிழில் பெயர் வைக்கலாமா?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம். ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளே ஒரு பெயர், வெளியே காட்டும் லேபிள் என்று இரண்டு உண்டு. லேபிளில் 'பின் தாங்கி' என்று தமிழிலேயே எழுதலாம், எதுவும் உடையாது. ஆனால் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்து, எண், கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஃபைல் லேசர் கட்டிங் கடையில் பழைய கம்ப்யூட்டரில் திறக்கப்படும், அங்கே தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நஷ்டம் நமக்கு. விளக்கம் எழுதும் பிராப்பர்ட்டி கட்டத்தில் தமிழை வைத்துக்கொள்ளலாம். ஃபிட்டர் கையில் போகும் டிராயிங்கில் "இந்தப் பக்கம் மேலே" என்று ஒரு தமிழ் வரி இருந்தால் எத்தனையோ போன் கால் மிச்சமாகும், நான் தவறாமல் எழுதுகிறேன்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் ஃபைல் பெயரை மாற்றினேன். இப்போது அசெம்பிளி பார்ட்டைக் காணோம் என்கிறது.

அசெம்பிளி ஃபைலுக்குள் பார்ட் இல்லை, பார்ட் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கிறது. நீங்கள் வீட்டு எண்ணை மாற்றிவிட்டீர்கள், தபால்காரர் பழைய எண்ணைத் தேடி நிற்கிறார். பதற்றப்பட வேண்டாம், திறக்கும்போது 'பிரவுஸ்' கேட்கும், புதுப் பெயரில் இருக்கும் ஃபைலைக் காட்டிவிட்டு உடனே சேவ் செய்யுங்கள்.

இனிமேல் செய்வதென்றால் இரண்டு வழி. ஒன்று, ட்ரீயிலேயே பெயரை மாற்றுவது. சாலிட்வொர்க்ஸ் ஆப்ஷன்ஸில் ட்ரீயிலிருந்து ஃபைல் பெயரை மாற்ற அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் சேவ் செய்யும்போது ஃபைலும் மாறிவிடும். இன்னொன்று, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, அங்கே வரும் சாலிட்வொர்க்ஸ் மெனுவுக்குள் இருக்கும் ரீநேம். அது இந்த பார்ட்டை எங்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று தேடி அங்கேயும் மாற்றித் தரும்.

மொத்த ப்ராஜெக்ட்டையும் ஒருவருக்கு அனுப்ப வேண்டுமானால் 'பேக் அண்ட் கோ', சேர்ந்த ஃபைல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தரும். அசெம்பிளி ஃபைலை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டு "ஓப்பன் ஆகலையே" என்று பதில் வந்து விழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிராயிங்கையும் சேர்க்கும் டிக்கை மறக்காதீர்கள்.

ஹைட், சப்ரஸ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் பார்ட் மறையத்தானே செய்கிறது?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஹைட் செய்தால் பார்ட் கண்ணுக்கு மறைகிறது, ஆனால் இருக்கிறது. அதன் எடை கணக்கில் வரும், மேட் வேலை செய்யும், மெட்டீரியல் பட்டியலில் எண்ணிக்கையோடு வரும். சப்ரஸ் செய்தால் அந்த அசெம்பிளியைப் பொறுத்தவரை அது இல்லாதது மாதிரி: மெமரியில் ஏறாது, எடையில் சேராது, பட்டியலிலும் வராது, அதை நம்பியிருந்த மேட்களும் தூங்கிவிடும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பேஸ் பிளேட்டை மாற்ற வேண்டி வந்தது. பழைய பிளேட்டை ஹைட் செய்துவிட்டு அதே இடத்தில் புது பிளேட்டை வைத்தேன், பழையதை அப்புறம் நீக்கலாம் என்று நினைத்து மறந்துபோனேன். பட்டியலில் இரண்டு பிளேட்டும் வந்தது, பர்ச்சேஸில் இரண்டுக்கும் ஆர்டர் போனது. 1200-க்கு 800, 25 எம்எம் தடிமன். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ என்று வைத்தால் ஒரு பிளேட் 188 கிலோ வரும். வேண்டாத 188 கிலோ இரும்பு ஓட்டை எல்லாம் போட்டு வந்து இறங்கியபோது, அதை இறக்கியவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. யாரும் திட்டவில்லை, ஆனால் அந்தப் பிளேட் பல மாதம் சுவரோரம் சாய்ந்து நின்றது, தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போவேன்.

அதனால் இப்போது டிராயிங் அனுப்புவதற்கு முன் இரண்டு காரியம் செய்கிறேன். மறைந்திருப்பதை எல்லாம் ஒரு தடவை வெளியே காட்டிப் பார்ப்பது. மாஸ் பிராப்பர்ட்டீஸில் மொத்த எடையைப் பார்த்து மனக்கணக்கோடு ஒப்பிடுவது. 400 கிலோ இருக்க வேண்டிய ஃபிக்ஸ்சர் 590 காட்டினால் எங்கோ ஒரு பிளேட் ஒளிந்திருக்கிறது.

வேலை செய்யும்போது வழியை மறைக்கிறது என்றால் ஹைட். வேண்டாம் என்று முடிவானால் நீக்கிவிடுங்கள். முடிவாகவில்லை, இரண்டு வடிவமும் வேண்டும் என்றால் கான்ஃபிகரேஷன் (ஒரே ஃபைலுக்குள் இன்னொரு வடிவம்) போட்டு ஒன்றில் சப்ரஸ் செய்யுங்கள்.

ஸ்கிரீனில் பார்ட் தெரிகிறது, ட்ரீயில் எங்கே என்று தெரியவில்லை.

பார்ட்டைக் கிளிக் செய்தாலே ட்ரீ அந்த இடத்துக்கு உருண்டு போகும். போகவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் ஃபீச்சர் மேனேஜர் பக்கத்தில் தேர்ந்தெடுத்ததைக் கண்ணுக்குக் கொண்டுவரும் டிக் எடுபட்டிருக்கும், போட்டுவிடுங்கள்.

தலைகீழாக, ட்ரீயில் பெயர் தெரியும், மாடலில் எங்கே என்று தெரியாது என்றால் ரைட் கிளிக் செய்து 'ஐசோலேட்'. மற்றதெல்லாம் ஒதுங்கி அது மட்டும் நிற்கும். ட்ரீயின் மேலே இருக்கும் ஃபில்டர் கட்டத்தில் '003' என்று தட்டினால் பொருந்துவது மட்டும் மிஞ்சும், அதனால்தான் பெயரில் எண் வேண்டும் என்று மேலே அவ்வளவு சொன்னேன். ட்ரீ கன்னாபின்னாவென்று விரிந்து கிடந்தால் ஷிஃப்ட்டோடு சி, எல்லாம் மடங்கிவிடும்.

கையில் பழகிக்கொள்ள வேண்டியது டேப் கீ. பார்ட் மேல் மவுஸை வைத்து டேப் அழுத்தினால் மறையும், அதே இடத்தில் ஷிஃப்ட்டோடு டேப் அழுத்தினால் திரும்ப வரும். கண்ட்ரோல், ஷிஃப்ட், டேப் மூன்றையும் பிடித்துக்கொண்டால் மறைத்தவையெல்லாம் தற்காலிகமாகத் தெரியும், வேண்டியதைக் கிளிக் செய்யலாம். வெங்காயம் உரிப்பது மாதிரி வெளிக் கவரிலிருந்து உள்ளே இருக்கும் பின் வரை டேப்பிலேயே போய்விடுவேன். பின்னால் ஒளிந்திருக்கும் முகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ரைட் கிளிக்கில் 'செலக்ட் அதர்'.

மாடல் ஸ்கிரீனை விட்டே போய்விட்டால் எஃப் கீ. கண்ட்ரோலோடு 1 முன்பக்கம், 5 மேல்பக்கம், 7 ஐசோமெட்ரிக்.

லேப்டாப் டச்பேடில் செய்யலாமா?

வேண்டாம். மணிக்கட்டு வலிதான் மிச்சம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரண வயர் மவுஸ் ஒன்று வாங்குங்கள், ஆனால் கடையிலேயே வீலை அழுத்திப் பாருங்கள். நாள் முழுக்க அந்த வீலை அழுத்திக்கொண்டுதான் மாடலைச் சுற்றப்போகிறீர்கள், அது கடினமாக இருந்தால் விரல் போய்விடும். சாலிட்வொர்க்ஸில் வீலை அழுத்தி இழுத்தால் சுற்றும், கண்ட்ரோலோடு இழுத்தால் நகரும். ஆட்டோகேட்டில் வீலை அழுத்தி இழுப்பது நகர்த்த மட்டும்.

ட்ரீயில் பார்ட் பெயருக்கு முன்னால் மைனஸ் குறி வருகிறதே?

அந்த பார்ட் இன்னும் ஏதோ ஒரு பக்கம் அசையலாம் என்று அர்த்தம். எந்தப் பொருளுக்கும் ஆறு அசைவு உண்டு, மூன்று திசையில் நகர்வது, மூன்று அச்சில் சுழல்வது. ஃபிக்ஸ்சரில் 3-2-1 முறையில் (ஒரு முகத்தில் மூன்று புள்ளி, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று) வேலைப்பொருளை நிறுத்துகிறோமே, அதே கணக்குதான் மேட் போடும்போதும். எஃப் எழுத்து இருந்தால் அது இருந்த இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி. முதலில் கொண்டுவரும் பார்ட் தானாகவே அப்படி நிற்கும், அதனால் முதல் பார்ட்டாக பேஸையே கொண்டுவாருங்கள். போல்ட் தன் அச்சில் சுழல்வதற்காக வரும் மைனஸைப் பற்றிக் கவலை வேண்டாம். எல் பிளாக்குக்கு மைனஸ் இருந்தால் கவலைப்படுங்கள்.

அசெம்பிளி திறக்க டீ குடித்துவிட்டு வரும் அளவுக்கு நேரம் ஆகிறது.

பெரும்பாலும் குற்றவாளி நாம் வரைந்த பார்ட் இல்லை, டவுன்லோடு செய்து போட்ட சிலிண்டர், மோட்டார் மாடல்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங், சீல், மேலே பொறித்த எழுத்து வரை எல்லாம் இருக்கும். நமக்கு வேண்டியது வெளி வடிவமும் பிடிக்கும் ஓட்டையும்தான், மற்றதை நீக்கி ஒரே பார்ட்டாகச் சேவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டில் நிஜமான த்ரெட் வெட்டாதீர்கள். மேட் எல்லாம் மேல்மட்டத்தில் குவிந்திருந்தாலும் மெதுவாகும், சப்-அசெம்பிளி ரிஜிடாக (உள்ளே எதுவும் அசையாதபடி) இருந்தால் அதன் உள் மேட்களை மேல்மட்டம் மறுபடி கணக்குப் போடாது. சும்மா திறந்து பார்க்க மட்டும் என்றால் 'லார்ஜ் டிசைன் ரிவ்யூ'வில் திறங்கள்.

கஸ்டமர் ஸ்டெப் ஃபைல் கொடுத்தார். ட்ரீயில் ஃபீச்சரே இல்லை.

இருக்காது. ஸ்டெப் என்பது பல மென்பொருள்களுக்கும் பொதுவான ஃபைல், அது வடிவத்தையும் அசெம்பிளி அடுக்கையும் பெயரையும் கொண்டுவரும், வரைந்த வரலாற்றைக் கொண்டுவராது. அதைத் திருத்தப் பார்க்காமல் ரெஃபரன்ஸாக வைத்து உங்கள் ஃபிக்ஸ்சரைச் சுற்றி வரையுங்கள். கஸ்டமர் பார்ட்டுக்கு ஒரு தனி நிறம் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது.

ஃப்யூஷனில் பாடி, கம்போனென்ட் இரண்டும் இருக்கிறதே?

பாடி வெறும் வடிவம், கம்போனென்ட் தனி பார்ட். தனியாகச் செய்து பூட்டப்போகிற பொருள் என்றால் முதலிலேயே கம்போனென்ட் உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்துவிட்டு வரையுங்கள். அப்போது டைம்லைனிலும் அதற்குரியது மட்டும் தெரியும். ஜாயின்ட்டை (மேட் மாதிரியான கட்டு) கம்போனென்ட்களுக்கு இடையில்தான் போட முடியும். எல்லாவற்றையும் பாடியாக வரைந்துவிட்டவர்களுக்கு 'கிரியேட் கம்போனென்ட்ஸ் ஃப்ரம் பாடீஸ்' இருக்கிறது.

ஆட்டோகேட்டில் 2டி மட்டும் செய்கிறேன். எனக்கு இதெல்லாம் தேவையா?

உங்களுக்கு ட்ரீக்குப் பதில் லேயரும் (படத்தின் அடுக்கு) பிளாக்கும் (ஒன்றாகக் கட்டிய உருவம்). ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: ஆஃப் செய்த லேயர் பாதுகாப்பானது இல்லை. எரேஸ் கமாண்டில் 'ஆல்' என்று கொடுத்தால் ஆஃப் லேயரில் இருப்பதும் சேர்ந்து அழியும், கண்ணில் படாததால் அழிந்ததே தெரியாது. ஃப்ரீஸ் செய்த லேயர் தப்பிக்கும்.

காசு கொடுத்து வாங்க முடியாது. எதில் பழகுவது?

ஃப்ரீகேட். இலவசம், லைசென்ஸ் பயம் இல்லை. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து அசெம்பிளி வொர்க்பெஞ்ச் (அசெம்பிளி செய்யும் பகுதி) கூடவே வருகிறது, முகங்களின் பெயர் மாறி மாடல் உடையும் பழைய தொல்லையும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ட்ரீயில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மறையும், மறுபடி தட்டினால் வரும். டிப்ளமோ படிக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது, வீட்டில் இருக்கும் மிக்ஸி ஜார் மூடியோ சைக்கிள் பிரேக்கோ எடுத்து அளந்து, கழற்றிப் பூட்டும் வரிசையில் ட்ரீயை அமைத்துப் பாருங்கள்.

கேட்டியாவில் மாடல் மங்கிப்போய், ஜூம் செய்தால் ட்ரீ பெரிதாகிறது!

ட்ரீயின் கோட்டில் தெரியாமல் கிளிக் செய்திருப்பீர்கள். அதே கோட்டில் இன்னொரு தடவை கிளிக் செய்தால் சரியாகிவிடும். ட்ரீயே காணாமல் போயிருந்தால் எஃப்3. சாலிட்வொர்க்ஸில் அதற்கு எஃப்9.